வைஃபை எட்டாத இடம்

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் நாங்கள் இருந்த குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் நிறுத்த இடம் உண்டு. எதிர்வீட்டுக்காரியான அவள் மட்டும் நேராக அங்கே வந்து நிறுத்த மாட்டாள். தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கும் மூலையில், விருந்தாளிகளுக்காக விட்டிருந்த இடத்தில் முதலில் நிறுத்துவாள். எஞ்சினை அணைக்காமல், தலையைக் குனிந்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அதற்கப்புறம்தான் காரை நகர்த்தி வாசலுக்குக் கொண்டுவருவாள். மழையானாலும் பனியானாலும் இதில் மாற்றம் இருக்காது.

எங்கள் சமையலறை ஜன்னல் அந்த மூலையைப் பார்த்து இருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாட்களில் காபி போடும்போது தினமும் கண்ணில் படுவாள். அழுகிறாளோ என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் தபால் எடுக்கப் போனபோது கார்க் கண்ணாடியை லேசாகத் தட்டினேன். அவள் பதறியதில் கையிலிருந்த போன் காலடியில் விழுந்தது.

"என்னம்மா, உள்ள போகலையா?"

"இதோ அக்கா, ரெண்டு நிமிஷம். போட்டோ அழிச்சிட்டு இருக்கேன்."

"அதை வீட்ல உக்காந்து அழிக்கக் கூடாதா? இந்தக் குளிர்ல இங்க எதுக்கு?"

அவள் சிரித்தாள். அப்போது எங்களுக்குப் பழக்கம் அவ்வளவாக இல்லை.

திருச்சிப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். கணவனின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கும் எச்-ஃபோர் விசாவில் வந்தவள். இங்கே வேலைக்குப் போக முடியாது. பெண் குழந்தை ஒன்று, முதல் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தது. நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் குழந்தை. கணவனைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். யார் வீட்டில் டிவி வேலை செய்யாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பனி கொட்டினால் தன் வாசலைத் தள்ளிவிட்டு எங்கள் வாசலையும் தள்ளிவிட்டுப் போவார். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

ஒரு தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் சாப்பாடு. நாலைந்து குடும்பங்கள் வந்திருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் அவள் கணவர் ஆண்களையெல்லாம் மாடியில் தான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அறைக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன். மேசைமேல் பெரிய திரை. மனைவியின் போனை வாங்கி எங்களை ஒரு படம் எடுத்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப பாருங்க. நான் எதையும் தொடல."

சில நொடிகளில் எங்கள் படம் அந்தத் திரையில் வந்து நின்றது.

"கேபிளே வேணாம். போன் நம்ம வீட்டு வைஃபைக்குள்ள வந்தா போதும், அன்னைக்கு எடுத்த போட்டோ எல்லாம் தானா கம்ப்யூட்டருக்கு வந்துடும். அவளுக்கு இதெல்லாம் பத்திரமா வெச்சுக்கத் தெரியாது. அதான் நானே செட் பண்ணிட்டேன்."

என் கணவருக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் வீட்டிலும் அதுபோல் வேண்டும் என்று அங்கேயே கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் அவள் கையில் பாயசக் கிண்ணங்களோடு நின்றிருந்தாள். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவருடைய சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் படம் எடுப்பதில் இருந்த ஆசை சாதாரண ஆசை இல்லை. நாம் தாண்டிப் போகிற இடத்தில் அவள் நிற்பாள். கண்ணாடித் துடைப்பானில் உறைந்திருக்கும் பனி, பள்ளிக்கூட வேலியில் யாரோ மாட்டிவிட்டுப் போன ஒற்றைக் கையுறை, இந்தியக் கடையில் முருங்கைக்காயை முகர்ந்து பார்க்கிற வயசானவர், கார்ப் பின்சீட்டில் வாயைத் திறந்து தூங்கும் மகள். நான் படித்த எதிலும் அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. எடுத்துவிட்டு என்னிடம் காட்டுவாள். நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருப்பாள். "பாத்துட்டீங்களா?" என்பாள். ஆமாம் என்றதும் விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். படம் போய்விடும்.

முதல் தடவை நான் பதறிப்போய்க் கேட்டேன். "ஏன் இப்படி? எவ்வளவு நல்லா இருந்தது!"

"நல்லா இருந்துச்சுன்னாதான் அக்கா பிரச்சனை" என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் தெரிந்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவர் அவளை மாடிக்குக் கூப்பிடுவார். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைப்பார். அன்றைக்கு வந்து சேர்ந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறப்பார். இது எந்தக் கடை, அங்கே எதற்குப் போனாய், பின்னால் நிற்பவன் யார், இந்தக் கண்ணாடியில் தெரிகிற கை யாருடையது. அதட்டல் இல்லை, கோபம் இல்லை. ஆபீஸில் கூட்டம் நடத்துகிற குரல். அவள் சொல்கிற பதில் பிடிக்காவிட்டால் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார். படத்தைப் பெரிதாக்குவார். மறுபடியும் கேட்பார்.

"அப்ப போட்டோவே எடுக்காம இருந்துடேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"அதுவும் ஆகாது அக்கா. ஒரு நாள் ஒண்ணுமே இல்லன்னா, இன்னைக்கு முழுக்க என்ன பண்ணினே, ஏன் ஒண்ணுகூட இல்லன்னு ஆரம்பிப்பார். அதனால கொஞ்சம் விட்டு வெப்பேன். அரிசி மூட்டை, பாப்பா ஊஞ்சல் ஆடறது, வானம். ஆள் இல்லாத படமா பாத்து விடணும்."

அந்த மூலையில் காரில் உட்கார்ந்து அவள் செய்த வேலை அதுதான். எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று பிரிப்பது. வீட்டு வைஃபை எதுவரை எட்டும் என்று போனைக் கையில் பிடித்து நடந்து பார்த்து வைத்திருந்தாள். மேப்பிள் மரம்வரை வரும், தபால் பெட்டிக்கு வராது.

நான் கம்ப்யூட்டர்க்காரி. எனக்கு உடனே தோன்றியது வேறு. "போனைக் குடு, செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிடறேன்."

"ஆஃப் பண்ணினா அவருக்குத் தெரிஞ்சிடும் அக்கா."

"சரி, நல்ல படத்தையெல்லாம் எனக்கு அனுப்பு. நான் வெச்சுக்கறேன்."

"அனுப்பினதும் தெரியும்."

அவர் கை ஓங்குவாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். தலையை ஆட்டினாள்.

"அடிச்சதே இல்ல அக்கா. அடிச்சிருந்தா யார்கிட்டயாவது காட்டறதுக்கு ஏதாவது இருந்திருக்கும்."

என் பிறந்தநாளுக்கு ஒரு வருடம் அவளை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனேன். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சின்ன உணவகம். நூலகத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பான்கேக்மேல் சிரப்பை ஊற்றிக்கொண்டே, கல்லூரியில் படிக்கும்போது தான் காவிரிப் பாலத்தில் சைக்கிளோடு விழுந்த கதையைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. பரிமாறிய அம்மாள் எங்கள் சிரிப்பைப் பார்த்துவிட்டுத் தானாக வந்து, மேசைமேல் இருந்த அவள் போனை எடுத்து எங்களைப் படம் எடுத்துக் கொடுத்தார்.

அவள் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு ஆறிப்போயிற்று.

"இதுல நான் எப்படிச் சிரிக்கறேன் பாருங்க."

"அழகா இருக்கே. இதை மட்டுமாவது விட்டு வையேன். என்கூடத்தானே இருக்க?"

"இவ்வளவு சிரிக்கற அளவுக்கு என்ன பேசினீங்கன்னு கேப்பார். என்னைப் பத்தியான்னு கேப்பார்." தட்டினாள். படம் போயிற்று. "அவருக்கு ரொம்ப நேரம் பதில் சொல்லணும் அக்கா. எனக்குத் தெம்பு இல்ல."

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் ஒருநாள் இந்தியக் கடைக்குச் சேர்ந்தே போயிருந்தோம். கழிவறைக்குப் போனவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போனைக் காட்டினாள். கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த ஒரு அறிவிப்பு. வீட்டில் கொடுமைக்கு ஆளாகும் பெண்கள் கூப்பிட வேண்டிய எண். தமிழிலும் ஒரு வரி எழுதியிருந்தார்கள். அடியில் எண்ணைக் கிழித்து எடுத்துக்கொள்ளத் துண்டு துண்டாக வெட்டிவிட்டிருந்தார்கள்.

"கிழிச்சு எடுத்துட்டு வந்திருக்கலாமே?"

"கைப்பையைப் பாப்பார் அக்கா." உதடு மட்டும் அசைய எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். என்னிடம் ஒப்பித்தும் காட்டினாள். அப்புறம் அழித்தாள்.

"என் போன்லேர்ந்து இப்பவே கூப்பிடு."

"பண்றேன் அக்கா. என்ன பேசணும்னு கொஞ்சம் யோசிச்சுக்கறேன். அடிக்கலேன்னு சொன்னா அவங்க எடுத்துப்பாங்களா?"

"எடுத்துப்பாங்க. கண்டிப்பா எடுத்துப்பாங்க."

"அப்ப அடுத்த வாரம் பண்ணலாம். உங்க வீட்டுக்கு வந்து பண்றேன்."

அடுத்த வாரம் வந்தாள். ஆனால் முகம் வேறாக இருந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

"அக்கா, ஊருக்குப் போறோம்! தம்பி கல்யாணத்துக்கு. நான் கேக்கவே இல்ல, அவரே டிக்கெட் போட்டுட்டு வந்து சொல்றார். நீயும் பாவம், அம்மாவைப் பாத்து எவ்வளவு நாளாச்சுன்னு சொல்றார் அக்கா!"

"அந்த நம்பர்?"

"வந்து பாத்துக்கலாம். ஒருவேளை மாறிட்டாரோ என்னவோ."

கிளம்புவதற்கு முன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பெட்டிகளை அவர்தான் அலுக்காமல் ஏற்றினார். எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளும் அவர் தோள்பையில் இருந்தன. எந்தக் குடும்பத்திலும் அப்படித்தானே இருக்கும்.

மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தேன். அவரும் குழந்தையும் மட்டும்.

"அவ கொஞ்ச நாள் அம்மாகூட இருக்கட்டும்னு விட்டுட்டு வந்தேன் சிஸ்டர். இங்க தனியா இருந்து மனசு சரியில்ல அவளுக்கு" என்றார். குழந்தை அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தது.

இரண்டு நாள் கழித்து இந்திய எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அவள்தான். தம்பியின் போனிலிருந்து பேசினாள். குரல் அவள் குரலாகவே இல்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் அவர், கோயம்புத்தூரில் இருக்கும் தன் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்றாராம். போனவர் நேராகச் சென்னை விமான நிலையம் போயிருக்கிறார். அவள் பாஸ்போர்ட்டும் அவரோடு போய்விட்டது. மனைவி என்ற முறையில் கிடைத்த விசா அவர் கைவிட்டால் செல்லாக்காசு.

"அது மட்டும் இல்ல அக்கா" என்றாள். "நேத்து அப்பாவுக்கு ஒரு லிங்க் அனுப்பியிருக்கார். தம்பி ஹால்ல எல்லார் முன்னாடியும் டிவில போட்டுத் திறந்துட்டான். கல்யாணத்துக்கு வந்தவங்க இன்னும் கிளம்பல. என் போட்டோ அக்கா. நான் அழிச்ச போட்டோ. எல்லாமே இருக்கு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"ஹோட்டல்ல நாம சிரிச்சது இருக்கு. கடையில அந்தப் பெரியவர் இருக்கார். அந்தக் கதவுல ஒட்டியிருந்த நம்பர் இருக்கு."

"ஆனா நீ வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே..."

"வீட்டு வைஃபைன்னு சொன்னது ஆரம்பத்துலதானாம். அப்புறம் மாத்திட்டாராம். எடுத்த உடனே, நான் எங்க இருந்தாலும், போன் சிக்னல்லயே போயிடுமாம். தம்பி என் போனைப் பாத்துட்டுச் சொன்னான். நான் கார்ல உக்காந்து அழிக்கறப்பவே எல்லாம் மேல அவர் திரைக்குப் போயாச்சு." மூச்சு வாங்கினாள். "நான் வர்றப்ப மாடி ஜன்னல்ல நிப்பார் அக்கா. எனக்காகக் காத்துட்டிருக்கார்னு நினைச்சேன். கீழ நான் அழிக்கறதை அவர் மேலேர்ந்து பாத்துட்டே இருந்திருக்கார். ராத்திரி ஒண்ணும் தெரியாத மாதிரி, மிச்சம் இருந்ததை மட்டும் திறந்து கேள்வி கேட்டிருக்கார்."

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"தப்பு இல்லன்னா ஏன் அழிச்சேன்னு கேட்டார்."

அதற்கப்புறம் அவள் அழுதாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போனேன். அவர் கராஜில் குழந்தையின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அவளோட பாஸ்போர்ட்டை அனுப்பிடுங்க. ஒரு தாயைக் குழந்தைகிட்டேர்ந்து பிரிக்கறது பாவம்."

அவர் காற்றடிப்பதை நிறுத்தினார். முகத்தில் அதே மரியாதை.

"சிஸ்டர், உங்ககிட்ட இருக்கறது அவ சொன்ன கதை. என்கிட்ட இருக்கறது போட்டோ. யாராவது கேட்டா எதைப் பாப்பாங்க, சொல்லுங்க."

அந்த வாரம் என் கணவர், எங்கள் கம்ப்யூட்டரில் எதிர்வீட்டுக்காரர் போட்டுக்கொடுத்ததை எல்லாம் எடுத்துவிட்டார். அந்த அறிவிப்பில் இருந்த எண்ணுக்கு நானே கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டார்கள். வக்கீல் ஒருவரையும் பிடித்துக் கொடுத்தார்கள். இப்படி ஊரில் விட்டுவிட்டு வருவது புதிதில்லை என்றும், வெளியே இருந்துகொண்டு இங்கே வழக்கு நடத்துவது கஷ்டம் என்றும் வக்கீல் சொன்னார். அதற்குள் அவள் கணவர் இங்கே விவாகரத்துக்குப் போட்டுவிட்டார். மனநிலை சரியில்லாத மனைவி, கணவனிடம் எல்லாவற்றையும் மறைக்கிறவள் என்று மனு. சாட்சிக்கு அந்தப் படங்கள். எனக்குத் தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விசாரணை தள்ளித் தள்ளிப் போயிற்று. குழந்தை தற்காலிகமாக அப்பாவிடம் இருக்கலாம், வாரம் ஒருமுறை அம்மாவோடு வீடியோவில் பேசலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த அழைப்பின்போதும் அவர் குழந்தைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாராம். குழந்தை ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் அவர் முகத்தைப் பார்க்குமாம்.

பள்ளிப் பேருந்து எங்கள் வாசலுக்கு எதிரில்தான் வந்து நிற்கும். காலையில் குழந்தை ஏறுவதை நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். ஒருநாள் போனில் அவளிடம், "பாப்பா பஸ் ஏறறப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அக்கா." உடனே சொன்னாள். "போட்டோ எங்க எங்க போகும்னு யாருக்குத் தெரியும். நீங்க பாத்துச் சொல்லுங்க. அது போதும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. பேருந்து போனதும் கூப்பிடுவேன். அவளுக்கு அங்கே சாயங்காலம். ஊதா ஜாக்கெட், ஜிப் பாதிதான் போட்டிருக்கா. தலையை இன்னைக்கு ரெண்டாப் பின்னியிருக்கு, ஒரு பக்கம் கோணல். பஸ் படியில ஏறி யாருக்கோ கை காட்டினா, ஒரு சிவப்புத்தலைப் பொண்ணு, புதுசா சிநேகம்போல. முன்பல் விழுந்திருக்கு. அவள் நடுவில் பேசவே மாட்டாள். நான் நிறுத்தினால் மட்டும், "அப்புறம்?" என்பாள். ஜாக்கெட் கை நீளம் போதுகிறதா, வளர்ந்துவிட்டாளா என்று கேட்பாள். நானும் அவளுக்காகவே பார்க்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு கோடை முழுக்க அவருக்கு வேலை மாற்றம் என்று பேச்சு இருந்தது. பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் வாசலில் பெரிய லாரி வந்து நின்றது. டெக்ஸாஸில் வேலை, டல்லஸ் பக்கம். குழந்தையைக் கூட்டிப்போக நீதிமன்றத்தில் அனுமதி வாங்கிவிட்டார் என்று வக்கீல் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. கிளம்பும்போது எங்கள் வீட்டு மணியை அடித்து, பொதுவாக எல்லோரிடமும் சொல்லிக்கொள்வதுபோல் சொல்லிக்கொண்டார். குழந்தை காருக்குள்ளேயே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. நான் கையை ஆட்டினேன். அது மடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளைக் கூப்பிட எனக்கு மதியம்வரை தைரியம் வரவில்லை. திருச்சியில் இருட்டியிருக்கும். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏன் அக்கா இவ்வளவு லேட்டு? பஸ் வரலையா?"

சொன்னேன். லாரி வந்ததை, வீடு காலியானதை, டல்லஸ் என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அங்க உங்களுக்கு யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா அக்கா?"

"யாரும் இல்லம்மா."



"டெக்ஸாஸ்ல குளிருமா?"

"அவ்வளவா குளிராது."

"சரி" என்றாள். "கிளம்பறப்ப என்ன போட்டிருந்தா?"